ஏழாவது கேள்வி

செம்பூர் ஸ்டேஷன் ரோட்டில்
குழாயும் வாஷ்பேசினும் விற்கும் கடைக்கு மேலே
கைரோபிராக்டர்.
லிஃப்ட் இல்லை.
இடுப்பு வலிக்காரர்கள்
இருபத்திரண்டு படி ஏறித்தான்
இடுப்பு வலியைக் காட்ட வேண்டும்.

படிவத்தில் ஹெப்சிபா என்று எழுதிவிட்டு
அடுத்த கட்டத்தைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அப்பா பெயரை எழுதினேன்.
பதினேழு வருஷம் எழுதாத பெயர்,
கை தடுமாறியது.

வலி எவ்வளவு?
ஒன்றிலிருந்து பத்துக்குள் வட்டமிடவும்.
குத்தலா குடைச்சலா
கடுப்பா உளைச்சலா
இல்லை, ராத்திரி மூன்று மணிக்கு
விண்விண்ணென்று தெறிப்பதா என்று
கேட்க ஆளில்லை.
ஆறில் வட்டம் போட்டேன்.
ஆட்டோவில் வந்திருந்தால் எட்டு.

ஏழாவது கேள்வி: எப்படித் தொடங்கியது?
தண்ணீர் கேன் தூக்கினேன் என்று எழுதினேன்.

கேன் இல்லை. பீரோ.
எனக்குச் சீராக வந்த கோத்ரெஜ் பீரோ.
இறக்கித்தர மாடிக்கு முந்நூறு கேட்டார்கள்,
நாலு மாடி.
நாமே இறக்கிவிடலாம் என்றான்.
நாமே என்று அவன் சொல்லிக் கேட்டு
எத்தனை நாள்.

அவன் கீழே, பின்பக்கமாக இறங்க
நான் மேலே.
பிடிச்சியா.
பிடிச்சிட்டேன்.
இந்தப் பக்கம் சாய்.
சுவரு, சுவரு.
மெல்ல.
உப்பு எங்கே, சாவி எங்கே தவிர
ஒரு வருஷமாகப் பேசாத இரண்டு பேர்
அன்றைக்கு எவ்வளவு பேசினோம்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
இடித்து நின்றது.
கண்ணாடி அவன் பக்கம்.
எனக்கு வெறும் தகரம்,
தகரத்தின் இரண்டு ஓரத்திலும்
அவன் விரல்கள்.

டெம்போ பக்கத்தில் கேட்டான்:
விடவா?
விடு என்றேன்.
பாரம் முழுக்க ஒரு கணம்
என் மேல் சாய்ந்தது.

டாக்டர் லவினா மீர்சந்தானி
என்னைவிடப் பத்து வயது சின்னவள்.
கையில் மருதாணி இன்னும் அழியவில்லை.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து,
நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
இடைவெளி குறைந்திருக்கிறது என்றாள்.
இடைவெளி குறைந்தாலும் வலிக்குமா?
எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றது.

ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள்.
ஒரு முழங்காலை மடக்கி
தோளை ஒரு பக்கம் இடுப்பை ஒரு பக்கம்
துணி பிழிவதுபோல் பிடித்துக்கொண்டு,
டீலா சோடோ, டீலா சோடோ.
தளர விட்டேன் என்றுதான் நினைத்தேன்.
நான் பிடித்திருக்கிறேனே மேடம்,
நீங்கள் எதற்குப் பிடிக்கிறீர்கள்?

மளுக்.

எலும்பா என்று கேட்டேன்.
இல்லை, காற்று.
மூட்டுக்குள் மாட்டியிருந்த வெறும் காற்று.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நிற்கவில்லை.
அவள் பயந்துபோய்
தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

இன்னும் ஐந்து தடவை வர வேண்டும்,
மொத்தமாகக் கட்டினால் ஒன்று இலவசம்.
குனிந்து தூக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள்.
பாரமான சாமானென்றால்
கூட ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

பன்வெல் வண்டியில்
லேடீஸ் டப்பாவில் நாலாவது சீட் கிடைத்தது.
நாலாவது சீட் தெரியுமல்லவா,
மூன்று பேர் பெஞ்சில்
பாதி இடுப்புக்கு மட்டும் இடம்,
மீதிப் பாதி நடைவழியில், அந்தரத்தில்.
இன்றைக்கு
அந்தரத்துப் பாதி வலிக்கவில்லை,
உட்கார்ந்த பாதிதான்.
வாஷி பாலத்தில் காற்று உள்ளே வந்தது.
பக்கத்துப் பெண் தூக்கத்தில்
என் மேல் சாய்ந்தாள். இருக்கட்டும்.

நெருலில் ஒற்றை அறை.
அதில் பாதிக்குப் பீரோ.
அன்று இடித்ததில் கதவு இறங்கிவிட்டது,
கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டும்.
முழங்காலை மடக்கச் சொன்னாளே.
மடக்கினேன்.